அந்த ஒன்பது பார்கள்: ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவும் பிரெண்டலின் முடிவும்

ஒரு வாசகரின் கேள்வி, 21 ஜூன் 2025

பியானோ கலைஞர் ஆல்ஃபிரெட் பிரெண்டல் இம்மாதம் 17ஆம் தேதி லண்டனில் காலமானார் என்ற செய்தியைப் படித்த பிறகு, அவர் வாசித்த ஷூபர்ட்டின் பி ஃபிளாட் மேஜர் பியானோ சொனாட்டாவை (அவர் படைப்புகளின் பட்டியலில் டி 960) இசைக்குறிப்பு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். முதல் மூவ்மென்ட்டில், அதாவது முதல் பகுதியில், ரிப்பீட் குறி போட்டிருக்கும் இடத்தில் அவர் திரும்பப் போகவில்லை. அதனால் அந்தத் திரும்புதலுக்காகவே ஷூபர்ட் எழுதிவைத்த ஒன்பது பார்கள் (தாளக்கட்டங்கள்) ஒலிக்கவே இல்லை. இசையமைப்பாளருக்கு முழு விசுவாசமாக இருந்தவர் என்று எல்லா அஞ்சலிக் கட்டுரைகளும் புகழும் ஒருவர், இறந்துபோன மேதையின் பக்கத்திலிருந்து ஒன்பது பார்களை நீக்கலாமா? இதை விசுவாசம் என்று எப்படிச் சொல்வது?

21 ஜூன் 2025, இரவு

கூடாது என்பதே என் பதில். அந்த ஒன்பது பார்களை விட்டுவிட்டு வாசிப்பது தவறு. இதே வழக்கம் எனக்குள்ளும் ஒரு பழைய காயத்தை விட்டுச் சென்றிருப்பதால் கொஞ்சம் சூடாகவே எழுதுகிறேன். விளக்கத்தை நாளை எழுதுகிறேன்.

22 ஜூன் 2025

நோட்டு கையில் இல்லாதவர்களுக்காக நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சொனாட்டாவின் முதல் மூவ்மென்ட்டில், கருப்பொருள்களை முன்வைக்கும் முதற்கூறை எக்ஸ்பொசிஷன் என்பார்கள். அதன் முடிவில் ரிப்பீட் குறி இருந்தால், வாசிப்பவர் தொடக்கத்துக்குத் திரும்பி அதை இரண்டாம் முறை வாசித்துவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். பல சொனாட்டாக்களில் இது வெறும் குறி. திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் இசையில் ஒரு சுரமும் கூடாது, குறையாது. டி 960இல் நிலைமை வேறு. திரும்பிப் போகிறவர்களுக்கென்று ஷூபர்ட் தனியாக ஒன்பது பார்கள் எழுதியிருக்கிறார். திரும்பாதவர்கள் அவற்றைத் தொடாமல் மேலே செல்வதற்கென எழுதிய இரண்டாம் முடிவுக்கு நேரே தாண்டிவிடுவார்கள்.

அந்த ஒன்பதில் என்ன இருக்கிறது என்பதுதான் சச்சரவின் வேர். இந்த மூவ்மென்ட் மிக மெதுவான குரலில், ஒரு கூட்டு வழிபாட்டுப் பாடலின் நிதானத்தோடு தொடங்குகிறது. எட்டாவது பாரில், பியானோவின் அடியாழத்தில், ஜி ஃபிளாட் சுரத்தில் ஒரு டிரில் வருகிறது. அடுத்தடுத்த இரண்டு சுரங்களை விரைவாக மாற்றி மாற்றி அடித்து எழுப்பும் நடுக்கம் அது. தொலைவில் இடி உருள்வதைப் போல மிக மெல்ல ஒலித்து, எஃப் சுரத்தில் இறங்கி அடங்குகிறது. பிறகு மௌனம். அதன் பிறகு பாடல் எதுவுமே நடக்காததைப் போல மீண்டும் தொடங்குகிறது. இந்த டிரில் மூவ்மென்ட் முழுவதிலும் திரும்பத் திரும்ப வந்தாலும் எப்போதும் தாழ்ந்த குரலில், எட்ட இருந்தே வருகிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது ஃபார்ட்டிஸிமோவில், முழு பலத்தோடு, காதருகே வெடிக்கிறது. அந்த இடம் இந்த ஒன்பது பார்களுக்குள் இருக்கிறது.

ஆகவே ரிப்பீட்டை விடுகிறவர் நீளத்தை மட்டும் குறைப்பதில்லை. அந்த இடி ஒரு முறையாவது அருகில் வந்தது என்ற செய்தியையே கேட்பவரிடமிருந்து மறைத்துவிடுகிறார். நேற்று நான் சூடானதற்குக் காரணம் அதுதான்.

24 ஜூன் 2025

இரண்டு நாள் கழித்து, எதிர்த்தரப்பையும் நியாயமாக எடுத்துவைப்பது கடமை என்று படுகிறது. பிரெண்டல் இதைக் கவனக்குறைவால் செய்தவர் அல்லர். ஷூபர்ட்டின் கடைசி மூன்று சொனாட்டாக்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் தம் காரணங்களை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். நான் புரிந்துகொண்ட அளவில் அவை இவை: இந்த எக்ஸ்பொசிஷன் தன் பொருளை ஏற்கெனவே நிதானமாகவும் விரிவாகவும் சொல்லிவிடுகிறது, பின்னால் கருப்பொருள்கள் மீண்டும் வரும் மறுவருகைப் பகுதியிலும் பெரும்பாலும் அப்படியே திரும்பி வருகிறது, ஆதலால் மூன்றாவது முறை கேட்க வேண்டிய தேவை இல்லை. அந்த ஒன்பது பார்களில் வரும் திடுக்கிட்ட, துண்டுபட்ட அசைவுகள் மூவ்மென்ட்டின் மற்ற எந்தப் பகுதியோடும் ஒட்டவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேறெங்கும் தொலைவிலேயே நின்று மர்மம் காக்கும் டிரிலை ஒரே ஒரு முறை உரக்க ஒலிக்கவிட்டால் அந்த மர்மம் உடைந்துபோகும்.

முதல் காரணத்தை நான் ஏற்கவில்லை. இரண்டாவதும் எனக்குப் போதவில்லை. ஒரு படைப்பில் ஒட்டாமல் நிற்பது போலத் தோன்றும் இடம் பல நேரங்களில் அந்தப் படைப்பின் மையமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது காரணம்தான் என்னை உறங்கவிடவில்லை. அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

25 ஜூன் 2025

தனிமடலில் ஒருவர், இவ்வளவு நீளமாக எழுதுவது ஷூபர்ட்டின் பலவீனமே என்றும், இசையமைப்பாளர் ஷூமான் இந்த சொனாட்டாவைப் பற்றித்தான் "தெய்வீக நீளம்" என்று சொன்னார் என்றும் எழுதியிருந்தார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஷூமான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்ஃபனியைப் பற்றி. அதன் கையெழுத்துப் பிரதியை வியன்னாவில் ஷூபர்ட்டின் அண்ணன் ஃபெர்டினாண்டின் வீட்டில் கண்டெடுத்து வெளியுலகுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. மெண்டல்ஸோன் 1839 மார்ச் மாதத்தில் லைப்ஸிகில் அதை அரங்கேற்றினார்.

29 ஜூன் 2025

பழைய காயம் என்று சொன்னதை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பத்தொன்பது வயதில் இந்த சொனாட்டாவின் முதல் மூவ்மென்ட்டைக் கற்றுக்கொண்டேன். என் ஆசிரியை தம்முடைய பழைய நோட்டையே எனக்குக் கொடுத்தார். அதில் அந்த ஒன்பது பார்களும் தடித்த பென்சிலால் மேலிருந்து கீழாகக் குறுக்குக்கோடு இழுத்து அடிக்கப்பட்டிருந்தன. "இதை யாரும் வாசிப்பதில்லை" என்று மட்டும் சொன்னார். நான் கேள்வி கேட்கவில்லை. அவர் மீது எனக்கு அவ்வளவு மரியாதை. ஏறக்குறைய பதினொரு ஆண்டுகள் அந்த மூவ்மென்ட்டை அப்படியே வாசித்தேன். கோட்டுக்கு அடியில் இருந்த சுரங்களை ஒரு முறையாவது கைகளால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பிறகு ஒரு நாள் மாலை, பியானோ கலைஞர் மிட்சுகோ உசிதாவின் பதிவை முதன்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, எனக்குத் தெரிந்த இடத்தில் எனக்குத் தெரியாத இசை வந்தது. அறையில் அந்நியர் ஒருவர் நுழைந்துவிட்டதைப் போல எழுந்து நின்றுவிட்டேன். கீழே அந்த டிரில் வெடித்தபோது நான் உணர்ந்தது வியப்பு அல்ல, வருத்தம். பதினொரு ஆண்டுகள் ஒருவரோடு பழகிவிட்டு, அவருக்குள் இப்படி ஒரு கோபமோ பயமோ இருந்தது தெரியாமலேயே இருந்திருக்கிறேன் என்ற வருத்தம்.

இந்த அனுபவம் இருக்கும்போது நான் நடுநிலையாக எழுத முடியாது. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முயல்கிறேன். என் ஆசிரியை செய்ததும் பிரெண்டல் செய்ததும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். ஒருவர் காரணம் சொல்லாமல் அடித்தார், மற்றவர் காரணங்களை எழுதி, அவற்றுக்கு வந்த மறுப்புகளையும் எதிர்கொண்டார். இந்த வேறுபாட்டைச் சிறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

6 ஜூலை 2025

முதல் கேள்வியை எழுப்பிய நண்பர் "விசுவாசம்" என்ற சொல்லைப் பயன்படுத்தியதால், பிரெண்டல் ஷூபர்ட்டுக்கு என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்பது பார்களை மட்டும் தராசில் வைத்தால் அது நீதியாகாது.

இந்த சொனாட்டாக்கள் நெடுங்காலம் மேடைக்கு வராமலே கிடந்தன. ஷூபர்ட் என்றால் பாடல்களின் இசைஞர், பியானோ சொனாட்டா என்றால் பேத்தோவன் என்று உலகம் பிரித்துவைத்திருந்தது. ராஹ்மானினவ் போன்ற மாபெரும் பியானோ கலைஞரே, ஷூபர்ட் சொனாட்டாக்கள் எழுதியிருப்பது தமக்குத் தெரியாது என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. வியன்னாவில் லெஷெடிட்ஸ்கியிடம் சிறுவனாகப் பயின்ற ஆர்தர் ஷ்னாபெலுக்கு, யாரும் வாசிக்காத இந்த சொனாட்டாக்கள் இருக்கின்றன என்று அந்த ஆசிரியர்தான் சுட்டிக்காட்டினார். ஷ்னாபெல் அதை வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டு, 1930களின் இறுதியில் கடைசி சொனாட்டாக்களை இசைத்தட்டிலும் பதித்தார். இன்று டி 960ஐப் பற்றி நாம் சண்டையிட முடிகிறதென்றால் அதற்கு அவர் ஒரு காரணம்.

அடுத்த பெரிய காரணம் பிரெண்டல். 1931 ஜனவரி 5ஆம் தேதி வடக்கு மொராவியாவில் வீசன்பெர்க் என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் இசைஞர்கள் அல்லர். பதினாறு வயதுக்குப் பிறகு நிலையான ஆசிரியர் எவரும் இல்லாமல் பெரும்பாலும் தாமாகவே கற்றவர். பியானோ கலைஞர் எட்வின் ஃபிஷரின் வகுப்புகளில் சில முறை அமர்ந்ததையே மிகப்பெரிய கொடையாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1949இல் போல்ட்ஸானோவில் நடந்த புசோனி போட்டியில் அவருக்குக் கிடைத்தது நான்காம் பரிசு. 1970களில் ஷூபர்ட்டின் 1822 முதல் 1828 வரையிலான பியானோ படைப்புகளை ஒரு முழுத் தொகுதியாக மேடையில் வாசித்தார், இசைத்தட்டில் பதித்தார், ஜெர்மானியத் தொலைக்காட்சிக்காகப் படமாகவும் எடுத்துத் தந்தார். கடைசி மூன்று சொனாட்டாக்களும் ஒரே மாலை நிகழ்ச்சியில் கேட்கத்தக்க ஒரு பெருங்குடும்பம் என்ற எண்ணம் இன்று இயல்பாகிவிட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நகம் உடையாமலிருக்க விரல்நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வாசித்த அந்த உயரமான மனிதரின் படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

ஒருவர் இத்தனை ஆண்டுகளை ஓர் இசைஞருக்குக் கொடுத்துவிட்டார் என்பதற்காக ஒன்பது பார்களை எடுத்துவிடும் உரிமை அவருக்கு வந்துவிடாது. ஆனால் அவர் அவற்றை அறியாமையால் விடவில்லை என்பது இதிலிருந்து உறுதியாகிறது.

13 ஜூலை 2025

இரண்டு நாட்களாக பியானோ கலைஞர் ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டரின் 1972ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் மூவ்மென்ட் மட்டும் ஏறத்தாழ 24 நிமிடம். பிரெண்டலுக்கு அது சுமார் 15 நிமிடம். இந்த இடைவெளிக்கு ரிப்பீட் மட்டும் காரணமில்லை. ரிக்டரின் வேகமே வேறு. "மோல்ட்டோ மாடராட்டோ" (மிகவும் மிதமான வேகத்தில்) என்று ஷூபர்ட் எழுதியதை அவர் நடக்கத் தயங்கும் ஒருவரின் அடிகளாக வாசிக்கிறார்.

1957இல் மாஸ்கோ சென்ற பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், ரிக்டர் இதே சொனாட்டாவை வாசிக்கக் கேட்டதைப் பற்றிப் பின்னாளில் பேசியிருக்கிறார். ஷூபர்ட்டின் திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளில் தமக்கு நாட்டமே இல்லை என்றும், அன்று அந்த மிகமிக மெதுவான வாசிப்பில் தம்மை மறந்துபோனதாகவும் சொன்னார். எனக்கும் இதே அனுபவம்தான். ரிக்டரின் கையில் இரண்டாம் முறை வரும் தொடக்கம் முதல் முறை கேட்டது அல்ல. இடையில் அந்த ஒன்பது பார்கள் நடந்துவிட்டன. இடி அருகில் விழுந்ததைக் கண்ட பிறகு, அதே பாடல் அதே மெல்லிய குரலில் மீண்டும் தொடங்கும்போது அது தைரியமா, மறதியா, பிடிவாதமா என்று கேட்பவரால் சொல்ல முடியவில்லை. எட்டாவது பாரில் மீண்டும் தாழ்ந்து ஒலிக்கும் டிரிலை இப்போது நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம். முதல் முறை அது புதிர், இரண்டாம் முறை அது நினைவு.

ஜூன் 24ஆம் தேதி எழுதிய குறிப்புக்கு இது என் பாதிப் பதில். ரிப்பீட் என்பது சொன்னதையே மறுபடி சொல்வது என்று பிரெண்டல் எடுத்துக்கொள்கிறார். இந்த இடத்தில் அப்படி அல்ல.

15 ஜூலை 2025

மேலே உள்ள குறிப்பைப் படித்த ஒருவர், சாகப்போகிறோம் என்று தெரிந்து எழுதிய இசையில் அந்த டிரில் மரணம்தானே என்று கேட்டிருக்கிறார். என் சொற்களே அந்த எண்ணத்தைத் தூண்டியிருக்கும் என்பதால் திருத்திக்கொள்கிறேன்.

ஷூபர்ட்டுக்கு 1820களின் தொடக்கத்திலிருந்தே கடும் நோய் இருந்தது உண்மை. மீண்டும் குணமாகவே போவதில்லை என்று 1824இல் நண்பருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஆனால் 1828 செப்டம்பர் மாதத்தின் ஷூபர்ட் சாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர் அல்லர். அம்மாதத் தொடக்கத்தில் மருத்துவரின் யோசனைப்படி அண்ணன் ஃபெர்டினாண்டின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். 26ஆம் தேதி இந்த சொனாட்டாவின் கையெழுத்துப் பிரதியில் நாளிட்டு முடித்தார். அக்டோபர் 2ஆம் தேதி லைப்ஸிக் பதிப்பாளர் ப்ரோப்ஸ்டுக்கு எழுதி, மூன்று சொனாட்டாக்களையும் விற்கப் பார்த்தார். அதே அக்டோபரில் நண்பர்களோடு ஐஸன்ஷ்டாட் வரை நடந்தே சென்று ஹைடனின் கல்லறையைப் பார்த்துவந்தார். நவம்பர் தொடக்கத்தில் சைமன் செஹ்டரிடம் கவுண்டர்பாயின்ட் (பல மெட்டுகளை ஒருசேரப் பின்னும் கலை) பாடம் கற்கச் சேர்ந்தார். இனிமேல் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று நினைக்கும் 31 வயது இளைஞனின் காரியங்கள் இவை. நவம்பர் 19ஆம் தேதி அவர் இறந்துவிட்டார் என்பது நமக்குத் தெரிந்த செய்தி, அவருக்குத் தெரிந்ததன்று. நமக்குத் தெரிந்ததை அவருடைய சுரங்களுக்குள் புகுத்தி வாசிக்கும்போது, டிரிலின் திறந்த பொருளை ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுகிறோம்.

16 ஜூலை 2025

இன்னொரு சிறு தகவல், பலர் கேட்டதால். இந்த மூன்று சொனாட்டாக்களையும் ஷூபர்ட் ஷூமானுக்குச் சமர்ப்பிக்கவில்லை. ப்ரோப்ஸ்டுக்கு எழுதிய கடிதத்தில் இசைஞர் ஹும்மெலுக்குச் சமர்ப்பிக்க விரும்புவதாகச் சொன்னார். பதிப்பாளர் டியாபெல்லி இவற்றை 1839இல் வெளியிட்டபோது ஹும்மெல் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஷூமானின் பெயரைப் போட்டவர் அந்தப் பதிப்பாளர். இறந்தவரின் பக்கத்தில் மற்றவர்கள் கைவைப்பது ரிப்பீட்டில் தொடங்கவில்லை.

3 ஆகஸ்ட் 2025

மூன்றாவது காரணத்துக்குத் திரும்புகிறேன், அதாவது டிரிலை உரக்க ஒலித்தால் மர்மம் உடையும் என்பதற்கு.

பியானோ கலைஞர் ஆண்ட்ராஷ் ஷிஃப், 1820ஆம் ஆண்டு வாக்கில் வியன்னாவில் ஃபிரான்ஸ் ப்ராட்மன் செய்த பியானோவில் இந்த சொனாட்டாவைப் பதித்திருக்கிறார். அந்தக் கருவி இப்போது பான் நகரத்தில் பேத்தோவன் பிறந்த இல்லத்தில் இருக்கிறது. இன்றைய கச்சேரிப் பியானோவைப் போல இரும்புச் சட்டத்தில் டன் கணக்கில் இழுவிசை தாங்கும் கருவி அல்ல அது. சுத்தியல்களில் தோல் போர்த்தியிருக்கும், கம்பிகள் மெல்லியவை, அடிப்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் மேற்பகுதிக்கும் தனித்தனிக் குரல்வண்ணம் உண்டு. அதில் மெல்லிய டிரிலைக் கேட்டால் ஒவ்வொரு சுரமும் பிரிந்து தெரிகிறது. இன்றைய பியானோவில் அதே டிரில் கலங்கிய உறுமலாகத்தான் வருகிறது. உரத்த டிரிலும் அப்படியே: பழைய கருவியில் அது தெளிவான, கடுகடுப்பான, சற்றே மரத்தின் ஓசை கலந்த அதட்டல். புதிய கருவியில் அரங்கத்தையே நிரப்பும் பேரிரைச்சல்.

பிரெண்டல் பழைய கருவிகளை நாடாமல் இன்றைய பெரிய பியானோவிலேயே வாசித்தவர். அந்தக் கருவியில், பெரிய அரங்குகளில், ஃபார்ட்டிஸிமோ டிரில் அளவுக்கு மீறிப் பெருகிவிடும் என்று அவருடைய காது சொல்லியிருந்தால், அந்தக் காதை நான் சந்தேகிக்க மாட்டேன். ஷூபர்ட்டின் காதில் ஒலித்த ஃபார்ட்டிஸிமோவும் நம் ஃபார்ட்டிஸிமோவும் ஒன்றல்ல. இந்த வாதத்தை அவர் இப்படிச் சொன்னதாக நான் படிக்கவில்லை, இது என் ஊகம் மட்டுமே. ஆனால் இதற்குத் தீர்வு பார்களை விடுவதா, கையின் பலத்தைக் குறைப்பதா என்று கேட்டால், பின்னதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

20 செப்டம்பர் 2025

ஏழு வாரமாக எழுதவில்லை. வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இருப்பது பழைய அப்ரைட் பியானோ. மழைக்காலத்தில் கீழ்க்கம்பிகளின் குரல் கரகரக்கும். ஜி ஃபிளாட்டில் டிரில் அடித்தால் கறுப்புக் கட்டையிலிருந்து விரல் வழுக்குகிறது. மெல்ல அடித்தால் பாதிச் சுரங்கள் ஒலிப்பதே இல்லை, உரக்க அடித்தால் மரச்சட்டம் அதிர்கிறது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் ரிப்பீட்டோடு வாசித்தேன். முதல் பத்து நாட்கள் அந்த ஒன்பது பார்களையும் வெற்றிக் களிப்போடு வாசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதினொரு ஆண்டுக் கடனைத் தீர்ப்பவனைப் போல. அதற்குப் பிறகு நான் எதிர்பாராத ஒன்று நடந்தது.

எக்ஸ்பொசிஷனை இரண்டாம் முறை முடித்து, இரண்டாம் முடிவின் வழியே நடுப்பகுதிக்குள் நுழையும்போது, இசை திடீரென்று சி ஷார்ப் மைனருக்குள் விழுகிறது. ஒரே அடியில் தரை நழுவுவதைப் போன்ற இடம் அது. ரிப்பீட் இல்லாமல் வாசித்த காலத்தில் அந்த விழுகை என் முதுகைச் சில்லிட வைக்கும். இப்போது அதன் கூர்மை மங்கியிருந்தது. சில பக்கங்களுக்கு முன்புதான் இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்றை நானே என் கையால் உண்டாக்கியிருந்தேனே. பிரெண்டல் அஞ்சியது இதைத்தான் என்று அப்போது என் விரல்களுக்குப் புரிந்தது.

ஜூன் 22ஆம் தேதியும் 24ஆம் தேதியும் எழுதியதை இந்த இடத்தில் மாற்றிக்கொள்கிறேன். அவர் அந்த ஒன்பது பார்களை முக்கியமில்லாதவை என்று நினைத்து ஒதுக்கினார் என்பதாகவே நான் எழுதியிருந்தேன். அப்படி அல்ல. அவை மூவ்மென்ட் முழுவதையும் மாற்றிவிடும் அளவுக்குப் பலமுள்ளவை என்று கண்டதால்தான் விட்டார். ரிப்பீட்டை வேண்டுமென்று வாதிடும் நாமும் அதே காரணத்தைத்தான் சொல்கிறோம். என் ஆசிரியையின் பென்சில் கோட்டில் இந்தக் கவலை இருந்ததா என்று இனிமேல் கேட்டறிய வழியில்லை, அவர் இன்று இல்லை. இருந்திருக்கலாம் என்று இப்போதுதான் முதன்முறையாக நினைக்கிறேன்.

அப்படியானால் என் முடிவு மாறிவிட்டதா? மாறவில்லை. கடைசி மூவ்மென்ட்டை வாசிக்கும்போது அது இன்னும் உறுதியானது. அந்த மூவ்மென்ட் துணையில்லாத ஜி சுரத்தின் ஆக்டேவில், வேறு சுருதியில் தொடங்கப்போவதைப் போலப் பாசாங்கு செய்து தொடங்குகிறது. அந்த ஜி மீண்டும் மீண்டும் வந்து இசையை நிறுத்திப் பார்க்கிறது. முடிவை நெருங்கும்போது ஜி, பிறகு ஜி ஃபிளாட், பிறகு எஃப் என்று படியிறங்கி, அதன் பின்னரே விரைவான இறுதிப் பாய்ச்சல் வருகிறது. ஜி ஃபிளாட்டிலிருந்து எஃப்: முதல் மூவ்மென்ட்டின் எட்டாவது பாரில் டிரில் இறங்கிய அதே படி. நாற்பது நிமிடம் கழித்து அந்தக் கேள்விக்கு அமைதியான பதில் கிடைக்கிறது. கேள்வி எவ்வளவு உரக்கக் கேட்கப்பட்டது என்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் பதிலின் அமைதி முழுதாகத் தெரியும். ஆகவே நடுப்பகுதியின் விழுகையில் கொஞ்சம் இழந்தாலும், நான் இந்தப் பக்கமே நிற்கிறேன்.

19 நவம்பர் 2025

இன்று ஷூபர்ட்டின் நினைவு நாள். பிரெண்டல் 2008 டிசம்பரில் ஹானோவரில் கொடுத்த விடைபெறும் நிகழ்ச்சியின் பதிவை எடுத்துவைத்துக் கேட்டேன். ஹைடன், மொட்ஸார்ட், பேத்தோவன் எல்லோரும் முடிந்த பிறகு டி 960. சில நாட்களுக்குப் பிறகு வியன்னாவில் மொட்ஸார்ட்டின் கான்செர்ட்டோ ஒன்றோடு அவர் மேடையை விட்டே இறங்கிவிட்டார்.

எக்ஸ்பொசிஷனின் முடிவு நெருங்கியபோது என் இடது கை தானாகவே மடியில் டிரிலுக்குத் தயாரானது. அவர் திரும்பவில்லை. சி ஷார்ப் மைனர் விழுந்தது. 77 வயதில் அவர் அதை வாசித்த விதத்தில், அந்த விழுகைக்கு முன்னால் ஒரு மிகச் சிறிய தயக்கம் இருக்கிறது. ஐந்து முறையாவது பின்னோக்கிச் சென்று கேட்டேன். அந்தத் தயக்கத்தில், விடப்பட்ட ஒன்பது பார்களின் எடையும் சேர்ந்திருப்பதாக எனக்குக் கேட்கிறது. இது என் ஆசை கேட்பதாகவும் இருக்கலாம்.

முதல் கேள்வி கேட்ட நண்பருக்கு: முதலில் பிரெண்டல், பிறகு ரிக்டர், பிறகு ஷிஃப்பின் பழைய பியானோ என்ற வரிசையில் கேளுங்கள். பியானோ கலைஞர் கெம்ப்ஃபின் 1967ஆம் ஆண்டுப் பதிவிலும் ரிப்பீட் உண்டு. அதிகம் பேசப்படாத அந்தப் பதிவில் டிரில் பயமுறுத்துவதில்லை, துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல வருகிறது.

எனக்கு இப்போது மீதமிருப்பது ஒரு நடைமுறைச் சிக்கல். உரத்த டிரில் அடங்கிய பின், இரண்டாம் முறை தொடக்கத்துக்குள் நுழையுமுன், எவ்வளவு நேரம் காத்திருப்பது? எழுதியுள்ள அளவு மட்டும் காத்தால் இடியின் ஓசை கம்பிகளில் ஓயுமுன்பே பாடல் தொடங்கிவிடுகிறது. அது முழுதாக ஓயும்வரை காத்தால் என் பியானோவில் துணுக்குத் துணுக்காக ஏதோ அதிர்ந்துகொண்டே இருக்கிறது, தாளம் கலைந்துபோகிறது. நேற்று பெடலைப் பாதியளவு மட்டும் எடுத்துப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை. இதை வாசித்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால் உங்கள் வழக்கத்தை எழுதுங்கள்.